மண்ணுக்குள் இருக்கிற மனைவி

தேனி கடைவீதியில் எனக்கு ஒரு மோட்டார் கடை இருக்கிறது. கிணற்று மோட்டார், போர் மோட்டார், குழாய், ஸ்டார்ட்டர், கேபிள் என்று தண்ணீரைக் கீழேயிருந்து மேலே கொண்டுவர என்னென்ன வேண்டுமோ எல்லாம் கிடைக்கும். ஒரு நாள் காலையில் சுருளிப்பட்டியிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர், எரிந்துபோன மோட்டாரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். பல வருட வாடிக்கை. என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர். நான் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி விசாரித்தார்.

"வீட்டுல அவுக சௌக்கியமா தம்பி? கண்ணுலயே காணமே?"

என் கவனமெல்லாம் காயிலில் இருந்தது. "அவ மண்ணுக்குள்ளல்ல இருக்கா" என்றேன்.

டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"எப்ப தம்பி?"

"போன சித்திரையில போனா."

"அடக் கடவுளே! எப்புடி?"

"மெஷின்லதேன். பெரிய மெஷின்."

"நீங்க கூட இருந்தீகளா?"

"எங்கிட்டு? நான் இங்கன கடையிலல்ல கெடக்கேன். ஒரு நா என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கா."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, கிரீஸ் அப்பியிருந்த என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "அப்புடியெல்லாம் நெனைக்கக் கூடாது தம்பி. சின்ன வயசு. அம்மா இருக்காகள்ல, அவுகளுக்காகவாவது நீங்க இருக்கணும்."

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு அண்டாவுக்குள் தலையை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் வந்து விளக்கினார். "அண்ணே, அந்தப் பிள்ள இன்ஜினியர். மெட்ராசுல பூமிக்கடியில ரயிலு ஓடக் கொகை தோண்டுறாக. இவரு பேசத் தெரியாமப் பேசுறாரு." சாயங்காலத்துக்குள் கடைவீதி முழுக்க இந்தக் கதை போய்விட்டது. ஒரு வாரம், கடைக்கு வந்தவர்களெல்லாம் துக்கம் கேட்கிற மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

என் மனைவிக்கு ஜெயமங்கலம். வாழையும் நெல்லும் போடுகிற வீடு. சிவில் படித்துவிட்டு, சென்னையில் சுரங்க ரயில் பாதை தோண்டுகிற ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் அப்போதே வேலையில் இருந்தாள். பெண் பார்க்கப் போன அன்று எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள். "கல்யாணத்துக்கு அப்பறமும் நான் வேலைக்குப் போவேன், சம்மதமா?" என்று கேட்டாள். "தாராளமா" என்றேன். எந்த ஊரில், என்ன வேலை என்றெல்லாம் நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். "அன்னைக்கு நீங்க ஏங்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. எங்க தோட்டத்துல என்ன மோட்டார் ஓடுதுன்னு."

உண்மைதான். பழைய மோட்டார் ஓடியது. கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிக் கொடுத்தேன்.

என் அம்மாவுக்கு மருமகள் வேலையை ஊரில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுரங்கம் என்றால் தங்கமா நிலக்கரியா என்று கேட்கிறார்கள். குழி தோண்டுகிறாள் என்றும் சொல்ல முடியாது. அதனால் சுருக்கமாக, "ரயில்வேல இருக்கா" என்று சொல்லத் தொடங்கினாள். அது வேறு வினையாகப் போய்விட்டது. போடியிலிருந்து சென்னைக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்த காலம். வடுகபட்டியில் பூண்டு மண்டி வைத்திருக்கிற சொந்தக்காரர், மகளுக்கும் பேத்திக்கும் கீழ் பெர்த் வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா போன் போட்டாள்.

"ஆத்தா, கீழ்ப் பெர்த்து ரெண்டு வேணும். அவுக நமக்கு ரொம்ப வேண்டியவுக."

"அத்தை, நான் ரயிலுக்கு ஓட்டை போடுறவ. சீட்டுப் போடுறவ இல்ல."

"அதுதேன் கேக்கேன். ஓட்டையே போடுறவளுக்கு ஒரு சீட்டுப் போட முடியாதா?"

அடுத்த முறை லீவில் வந்தபோது, அம்மாவை உட்கார வைத்து விளக்க முடிவு செய்தாள். அம்மாவின் கண்ணாடி வளையல்களைக் கேட்டு வாங்கினாள். ஒரு துண்டை மடித்து மேடு மாதிரி தரையில் போட்டு, அதன் மடிப்புக்குள் வளையல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வைத்தாள். "உறைக் கிணறு பாத்திருக்கீகள்ல? சிமெண்டு உறைய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குவாக. அதையே படுக்கப் போட்டா சுரங்கம். முன்னால மெஷின் மண்ணத் தின்னுக்கிட்டே போகும். அது போகப் போக, பின்னால நாங்க உறைய மாட்டிக்கிட்டே வருவோம்." பிறகு கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து உருட்டினாள். அது எல்லா வளையலுக்குள்ளும் புகுந்து மறுபக்கம் வந்து, சோபாவுக்கு அடியில் போய்விட்டது. "அதுதேன் ரயிலு."

அம்மா சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "நம்ம முல்லைப் பெரியாத்துத் தண்ணியும் மலையக் குடைஞ்சுதேன வருது. அங்கன மலை, உங்களுக்கு ஊரு. அம்புட்டுதேன?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "மேல இருக்கிற வீடு உள்ள எறங்காதா?" என்று கேட்டாள்.

"எறங்காமப் பாத்துக்கிறதுக்குத்தேன் அத்தை எனக்குச் சம்பளம்."

நான் மாதத்துக்கு இரண்டு முறை சென்னைக்குப் போய் வந்தேன். அவள் சைட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்திருந்தாள். போகும்போதெல்லாம் கீழே கூட்டிப் போகச் சொல்லி நச்சரித்தேன். அறுநூறு அடி ஆழத்துக்கு மோட்டார் இறக்குகிறவன் நான், ஐம்பது அறுபது அடியெல்லாம் எனக்கு ஒரு ஆழமா என்று பெருமையடித்தேன். அவள் மேலிடத்தில் அனுமதி வாங்கி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அழைத்துப் போனாள்.

உள்ளே போகிறவர்களுக்கு முதலில் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் பட்டையைச் சுற்றி அழுத்திவிட்டு, என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். "சார், நீங்க அப்படி ஓரமா இருபது நிமிஷம் உட்காருங்க" என்றார். பெரிய ஹெல்மெட்டும், அதைவிடப் பெரிய பூட்சும், பளபளக்கிற மஞ்சள் சட்டையும் மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தொழிலாளிகள் ஒவ்வொருவராக என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். மனைவி நர்சிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "பயமெல்லாம் இல்ல சிஸ்டர். மொதலாளிக்கு எங்க ஊர் மலைக் காத்துதான் பழக்கம். மெட்ராஸ் வெயில் ஒத்துக்கல." அப்போது வானம் மூடி, தூறல் விழுந்துகொண்டிருந்தது.

இரண்டாம் முறை தேறினேன்.

ஸ்டேஷன் வரப்போகிற இடம் அப்போது ஒரு பிரம்மாண்டமான பெட்டி மாதிரி இருந்தது. நாலு பக்கமும் கான்கிரீட் சுவர். குறுக்கே ஆள் நடக்கிற அகலத்துக்கு இரும்பு உத்தரங்கள். இரும்புப் படிக்கட்டு மடங்கி மடங்கிக் கீழே போனது. படிகளின் இடைவெளியில் அடி தெரிந்தது. நான் கைப்பிடியை விடவே இல்லை. "அறுநூறு அடி மொதலாளி, பைய வாங்க" என்று முன்னால் இறங்கியவள் திரும்பாமலே சொன்னாள். அடியில் ஓரிடத்தைக் காட்டி, "இதுதேன் பிளாட்பாரம். நீங்க நிக்கிற எடத்துல டீக்கடை வரலாம்" என்றாள். சேறும் கம்பியும் தவிர அங்கே ஒன்றுமில்லை.

அங்கிருந்து சுரங்கத்துக்குள் நடந்தோம். உள்ளே போகப் போக வெக்கை. எண்ணெயும் ஈர மண்ணும் கலந்த வாடை. பக்கத்தில் பெல்ட்டில் குழைந்த மண் வெளியே போய்க்கொண்டே இருந்தது. சுற்றிலும் அவள் சொன்ன உறைகள்தான். ஆனால் ஒவ்வொரு உறையும் ஆறேழு துண்டுகள். ஒரு துண்டே எங்கள் கடை ஷட்டர் அளவு. கடைசியில் மெஷினின் பின்பகுதி. ஒரு இரும்புக் கை, துண்டைத் தூக்கி மேலே கொண்டுபோய்ப் பொருத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஐந்தாறு பேரும் பீகார், ஒடிசாக்காரர்கள். என் மனைவி குரலை உயர்த்தி இந்தியில் ஏதோ சொன்னாள். இரும்புக் கை சட்டென்று நின்றது. இவள் போய் டார்ச் அடித்து இடுக்கில் பார்த்தாள், விரல் வைத்து அளந்தாள், மறுபடி ஏதோ சொன்னாள். துண்டை வெளியே எடுத்து, துடைத்து, திரும்ப வைத்தார்கள். இந்த முறை தலையாட்டினாள்.

வீட்டில் என்னிடம் பேசுகிற குரல் இல்லை அது. எனக்கு நர்ஸ் அளந்தபோது இருந்த பயம் போய், வேறு ஒரு பயம் வந்தது. இவ்வளவு பெரிய ஆளிடமா சாம்பாரில் உப்பு இல்லை என்று முந்தின நாள் குறை சொன்னோம் என்று நினைத்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் நான் ஊருக்குக் கிளம்பப் பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"ஏங்க, மோட்டார் கடைக்காரர் இருக்காரா?"

குரலில் கேலி இருந்தது, ஆனால் அவசரமும் இருந்தது. விஷயம் இதுதான். மண் இளகுவதற்காக மெஷினின் முகத்தில் சோப்பு நுரை மாதிரி ஒன்றைப் பீய்ச்சுவார்கள். அந்த நுரை, வழியில் இருந்த ஒரு வீட்டு போருக்குள் ஏறி மேலே வந்துவிட்டது. வீட்டுக்காரம்மாள் தெரியாமல் மோட்டாரைப் போட்டிருக்கிறார். குழாயில் நுரை கொட்டி, மோட்டார் நின்றுவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாள் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நியாயம் கேட்கிறார். உள்ளூர் மெக்கானிக் சாயங்காலம்தான் வருவார்.

"நீங்க வந்து பாருங்க. ஆனா ஏம் புருசன்னு மட்டும் சொல்லிராதீக. குடும்பமே சேந்து வந்து ஏமாத்துதுன்னு நெனைப்பாக."

போனேன். வாசலில் ரோஜாத் தொட்டிகள் வைத்த பழைய வீடு. வீட்டுக்காரம்மாள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தனியாக இருந்தார். பின்கட்டில் போர் வாயிலிருந்து வெள்ளை நுரை வழிந்து, துவைக்கிற கல் வரைக்கும் பரவிக் கிடந்தது. கம்பெனி ஆட்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு நான் குழாயை இழுக்க ஆரம்பித்தேன். டீச்சர் நாற்காலியைப் பின்கட்டுக்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

"நீங்க கம்பெனி ஆளா?"

"இல்லம்மா. தேனியில மோட்டார் கடை. இங்க வந்த எடத்துல கூப்பிட்டாங்க."

வெளியூர் ஆள் என்றதும் அவருக்கு மனம் திறந்துவிட்டது. ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். தரை எப்போது அதிர்ந்தது, எவ்வளவு நேரம் அதிர்ந்தது எல்லாம் தேதிவாரியாக எழுதியிருந்தார். சுவரில் இருந்த விரிசல்களுக்குப் பென்சிலால் நம்பர் போட்டிருந்தார்.

"அங்க ஒரு பொண்ணு இருக்கா பாருங்க, மஞ்ச சட்டை, வெள்ளைத் தொப்பி. அவதான் இதுக்கெல்லாம் இன்ஜினியராம். விரிசல் பெருசாகுதான்னு பாக்க, வந்து வந்து சுவத்துல கண்ணாடிச் சில்லு ஒட்டுறா, அளக்குறா. ஏம்மா, ஒண்ணும் ஆகாதான்னு கேட்டா, ஆகாது டீச்சர்னு சிரிக்கிறா. அந்தச் சிரிப்பப் பாத்தாலே எனக்கு நம்பிக்கை வரல."

"எனக்கும் மொதல்ல வரல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, அவர் கவனிக்கவில்லை.

"ரொம்ப அழுத்தக்காரி மாதிரி தெரியல?"

குழாயை இழுத்தபடியே, "ரொம்ப" என்றேன்.

"யார் சொன்னாலும் கேக்க மாட்டா போல."

"கேக்கவே மாட்டா... மாட்டாங்க போலத்தான் தெரியுது."

"கல்யாணம் ஆன பொண்ணு மாதிரிதான் இருக்கு. வீட்டுல கேக்க ஆளில்லையா? புருஷன்னு ஒருத்தன் இருப்பான் இல்ல, அவன் என்ன பண்றான்?"

"பாவம், அவரு எங்கயாவது குழாய் இழுத்துக்கிட்டு இருப்பாரும்மா."

கூட இழுத்த இரண்டு பேரில் ஒருவர் தமிழ்க்காரர். அவருக்கு உண்மை தெரியும். இருமுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தால், வீட்டை ஒட்டிய சந்து முனையில் என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று இன்றுவரை சொன்னதில்லை.

மோட்டார் மேலே வந்தது. கழுவி, சோதித்துப் பார்த்தேன். காயில் கருகியிருந்தது. மனைவிக்கு மேலே இருந்த அதிகாரி என்னைத் தனியாக அழைத்து, "பழைய மோட்டார்தானே? எப்படியும் போயிருக்கும் இல்ல?" என்று மெதுவாகக் கேட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், "என்ன இருக்கோ அதச் சொல்லுங்க" என்றாள். "மோட்டார் பழசுதான் சார். ஆனா இது தண்ணி இல்லாம, நுரையில காஞ்சு ஓடித்தான் கருகியிருக்கு" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கம்பெனியே புது மோட்டார் வாங்கிக் கொடுப்பதாக முடிவானது.

டீச்சருக்கு என்மேல் மரியாதை கூடிவிட்டது. காபி கொடுத்தார். நானும் நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லிவைத்தேன். "அம்மா, அந்த மூணாம் நம்பர் விரிசல் இப்ப வந்ததில்ல. அதுக்கு மேலயே ஒரு தடவை சுண்ணாம்பு அடிச்சிருக்கு பாருங்க." அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். மூன்றாம் நம்பரை மட்டும் ரப்பரால் அழித்தார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க கிணறு, போர் எல்லாம் தெரிஞ்சவரு, வெளியூர்க்காரர். ஒண்ணு கேக்குறேன். இந்தத் துவைக்கிற கல்லுக்கு அடியில ஒரு கிணறு இருக்கு. எங்க மாமனார் காலத்துல பலகைக் கல்லு போட்டு மூடினது. தூர்க்கல, மூடினது மட்டும்தான். சர்வேக்கு வந்தப்ப கிணறு ஏதும் இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னா வீட்டையே எடுத்துக்குவாங்கன்னு பயந்து, இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அதனால ஒண்ணும் இல்லையே?"

காபியைக் கீழே வைத்தேன். சுரங்கத்துக்கு நேர் மேலே தூர்க்காத ஒரு கிணறு இருந்தால் என்ன ஆகும் என்பது ஜெயமங்கலத்து மாப்பிள்ளையான எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மெஷினின் அழுத்தம் அந்த வழியாக மேலே போய்விடும், மண் கீழே இறங்கிவிடும். மோட்டார் எடுத்துவிட்டதால் அன்று மதியமே மெஷினை மறுபடி ஓட்டுவதாக இருந்தார்கள்.

"டீச்சர், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த வெள்ளைத் தொப்பிப் பொண்ணு எங்க வீட்டுக்காரி."

அவர் என்னையே பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது தெரிந்தது. "அப்ப, நான் இவ்வளவு நேரம் திட்டினப்ப நீங்களும் ஆமான்னு கூடக்கூடச் சொன்னீங்களே?"

"நீங்க சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையே டீச்சர். ஆனா அவகிட்ட கிணத்தப் பத்திச் சொல்லணும். இப்பவே. வீட்ட யாரும் எடுக்க மாட்டாங்க. அத மட்டும் நான் அவளை நம்பிச் சொல்றேன்."

டீச்சர் எழுந்து போய், சந்து முனையில் நின்றவளை அவரே கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். துவைக்கிற கல்லுக்கு முன்னால் நிறுத்தி, "நான் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கேன்மா" என்றார். கணக்கு டீச்சருக்கு அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

என் மனைவி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. போனை எடுத்து, மெஷினைத் தொடக் கூடாது என்று கீழே இருப்பவர்களிடம் சொன்னாள். பிறகுதான் டீச்சரின் தோளில் கை வைத்தாள். "சொன்னீங்கள்ல டீச்சர். அது போதும்."

கல்லைப் பெயர்த்துப் பலகையைத் தூக்கினார்கள். ஒரு ஆள் கையை விரிக்கிற அகலத்தில் செங்கல் கிணறு, அடியில் இருட்டாகத் தண்ணீர். டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆகி வந்த புதுசுல இதுலதான் தண்ணி எடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் முழுக்க சிமெண்டும் மணலும் கலந்து ஊற்றி அதை நிரப்பினார்கள். மெஷின் கடக்கும் வரை டீச்சரை வேறு இடத்தில் தங்கச் சொன்னார்கள். கம்பெனி செலவில் லாட்ஜ். டீச்சர் லாட்ஜுக்குப் போக மாட்டேன் என்றுவிட்டார். "உன் வீட்டுல எடம் இருக்கா?" என்று என் மனைவியைக் கேட்டார். கேட்ட விதத்தில் இல்லை என்று சொல்ல வழி இல்லை.

அவர் வந்ததால் நான் அன்றைக்கே ஊருக்குக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. ஐந்து நாள் அவர் அங்கே இருந்தார். நாலாம் நாள் மனைவி போனில் சொன்னாள். "பாத்திரம் எல்லாம் எடம் மாறிருச்சு. பருப்பு டப்பாவுல பேர் எழுதி ஒட்டியிருக்காங்க. நான் ஷிப்ட் முடிஞ்சு வந்தா, இன்னைக்கு எத்தன உறை போட்டேன்னு கேட்டு நோட்டுல எழுதுறாங்க. நேத்தைக்குக் கொறஞ்சு போச்சுன்னு வருத்தப்பட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நாளைக்குச் சரியா பண்றேன் டீச்சர்னேன். வேற என்ன சொல்ல?"

மெஷின் அந்த வீட்டைக் கடந்த நாளில் நான் கடையில்தான் இருந்தேன். அம்மாவிடமும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, "என்னப்பா, தாண்டிருச்சா?" என்று வீட்டிலிருந்து போன். பாத்திரக் கடைக்காரர் கிண்டல் எல்லாம் விட்டுவிட்டு, வியாபாரத்தைக்கூடக் கவனிக்காமல் என் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டார். மூன்று மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"தாண்டிட்டோம்" என்றாள். மூச்சு வாங்கியது. "ஒரு நூலு கூட எறங்கல. ரோஜாத் தொட்டி கூட அசையல." பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளா என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் வெயில் என்பாள். நான் கேட்கவில்லை. பாத்திரக் கடைக்காரர்தான் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "ஏலே, எல்லாருக்கும் டீ சொல்லுங்கடா!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். அவளுக்குக் காது வலித்ததாம்.

அந்தப் பாதை திறந்து ரயில் ஓடத் தொடங்கியபோது, என் மனைவி சென்னையின் வேறொரு மூலையில் அடுத்த சுரங்கத்துக்குள் இருந்தாள். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சரும் எங்களோடு வந்தார். அம்மாவும் அவரும் அதற்குள் போனில் தினமும் பேசுகிற அளவுக்கு ஆகியிருந்தார்கள். நகரும் படிக்கட்டுக்கு அம்மா மாட்டேன் என்றாள், டீச்சர் இழுத்துக்கொண்டு போனார். கீழே, சேறும் கம்பியும் கிடந்த இடத்தில் பளபளவென்று தரை. ஏசிக் காற்று. ஜனங்கள் போனைப் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தார்கள். யாரும் சுவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை.

அம்மா மட்டும் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். "இதுல ஏம் மருமக பேரு எங்கன போட்டுருக்கு?"

"பேரெல்லாம் போட மாட்டாங்கம்மா" என்றார் டீச்சர்.

"கோயில்ல ஒரு சீரியல் லைட்டு போட்டவன்கூட உபயம்னு பேரு எழுதுறான். இம்புட்டுப் பெருசா தோண்டிருக்கா, போட மாட்டாகளா?" அங்கே நின்ற செக்யூரிட்டியிடம் போய் அதையே கேட்டாள். அவர் பாவம், ஸ்டேஷன் பெயர் எழுதிய பலகையைக் காட்டினார்.

ரயிலில் ஏறியதும் எங்களுக்கு இடம் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் டீச்சர் கண்ணாடிக்கு வெளியே இருட்டைக் காட்டி, "இப்ப என் வீடு மேல இருக்கு" என்றார். அம்மா பக்கத்தில் இருந்த பெண்ணின் கையைத் தட்டினாள். கல்லூரிப் பெண், காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். காதிலிருந்ததை எடுத்துவிட்டு, "என்னம்மா?" என்றாள்.

"இது அம்புட்டும் ஏம் மருமக தோண்டுனது."

அந்தப் பெண் "சூப்பர்ம்மா" என்றாள். அம்மாவுக்கு அது போதவில்லை. எதிர் சீட்டுக்காரரிடமும் சொன்னாள். அவருக்குப் பக்கத்தில் நின்றவரிடமும் சொன்னாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. மனைவிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்து அடங்கிவிட்டு, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அத்தை, நான் மட்டுமா தோண்டுனேன்? நூத்துக்கணக்கான பேரு வேலை பாத்தோம். பீகார்க்காரங்க, ஒடிசாக்காரங்க, எத்தன பேரு! நீங்க பாட்டுக்கு என்னைய மட்டும் சொன்னா எப்படி?"

"அவுக மாமியாருக வந்து அவுகளுக்குச் சொல்லிக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு, அம்மா போனை என்னிடம் கொடுத்தாள்.